பழைய நேரமோ, புதிய நேரமோ?

ஒருவரிடம் மணி கேட்டால் அவர் கையைத் திருப்பிப் பார்த்து மணியைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் அப்படித்தான் நடக்கிறதாம். நான் வளர்ந்த காலத்து மருதனார்மடச் சந்தியில் அது நடக்காது. கேட்டவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். போகிற இடத்தைப் பொறுத்துத்தான் மணி. கச்சேரிக்கு என்றால் புதிய நேரம். கோயிலுக்கு என்றால் பழைய நேரம். ரியூசனுக்கு என்றால் மாஸ்ரர் எந்தப் பக்கம் என்று முதலே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

கதை இதுதான். 1996இல் மழை பொய்த்தது. மலையகத்து நீர்த்தேக்கங்கள் வற்றின. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு இருளில் இருந்தது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பாவித்தால் மின்சாரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்ட அரசாங்கம், மே 25 அன்று நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டது. ஒக்ரோபர் 26 அன்று அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலம் வந்து சேர 2006 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1995 கடைசியில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன வலிகாமத்துச் சனம், மறு வருஷம் ஏப்ரல், மே மாதங்களில்தான் வீடு திரும்பியது. நாங்களும் அந்தக் கூட்டத்தோடு வந்தோம். வீட்டில் மணிக்கூடு தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே புகை படியாத சுவர் வட்டமாக வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வட்டத்தை மூட அப்பா எங்கேயோ ஒரு பழைய மணிக்கூடு வாங்கி வந்து மாட்டிய கையோடு நேரம் மாறியது. குடாநாட்டுக்கு மின்சாரம் வராமல் போய் அப்போது ஆண்டுக்கணக்கு. வானொலி செய்தியைக் கேட்டுவிட்டு, "இல்லாத கரண்டை எப்பிடி மிச்சம் பிடிக்கிறது?" என்று அப்பா வானொலியையே கேட்டார். அது அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

அம்மம்மாவின் கவலை வேறு. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை தொடக்கம் ஒன்பது வரை. மணிக்கூடு முன்னுக்குப் போனால் ராகுவும் கூடப் போவாரா, நின்ற இடத்திலேயே நிற்பாரா? நான் இதைக் கேட்டபோது அவ சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தா. கை நிற்கவில்லை. "ராகுவுக்கு அரசாங்கமே சம்பளம் குடுக்குது? அவர் ஏன் மோனை மாறப்போறார்?" என்றா. எனக்கு அதில் ஒரு நட்டம் இருந்தது. முந்தியென்றால் திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரமும் ராகு தொடங்கும் நேரமும் ஒன்று. வயிற்றுக்குத்து, தலையிடி எல்லாவற்றுக்கும் ராகு சாட்சி சொல்லுவார். புதிய நேரம் வந்த பிறகு, ராகு எழும்புவதற்கு முதலே நான் வகுப்பில் இருந்தேன்.

அந்த வருஷம் ஆடியில் சித்திக்குப் பிள்ளை பிறந்தது. புதிய நேரப்படி இரவு பன்னிரண்டே கால். பழைய நேரப்படி முதல்நாள் இரவு பதினொன்றே கால். பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதி, சாத்திரியார் எழுதிய குறிப்பில் அதற்கு முந்திய திகதி. அவன் விபரம் தெரிந்த நாளில் இருந்து இரண்டு நாளும் புத்துடுப்பு கேட்பான். ஒரு நாளைக்குத்தான் தருவோம் என்றால், "அப்ப நான் எப்ப பிறந்தனான்?" என்பான். பெரியவர்கள் ஆளையாள் பார்ப்பார்கள். உடுப்பு வந்துவிடும்.

2002இல் பாதை திறந்தபோது விஷயம் இன்னும் சுவையானது. வன்னி, அரசாங்கத்தின் புதிய நேரத்தை ஏற்கவேயில்லை. அங்கே எப்போதும் பழைய நேரம்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் போய் முகமாலையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் லாபம். திரும்பி வந்தால் அதே அரை மணித்தியாலம் நட்டம். கடவுச்சீட்டு இல்லாமல், கடல் தாண்டாமல், ஒரே வீதியில், ஒரே பஸ் பயணத்தில் மணிக்கூட்டைத் திருப்பின ஆட்கள் நாங்கள். பக்கத்து ஆசனத்தில் இருந்த ஐயா ஒருவர் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "திருப்பித் திருப்பி திருகாணி கழண்டு போச்சு தம்பி" என்றார்.

நேரத்துக்கு இரண்டு விடை என்பது எங்களுக்கு அவ்வளவு புதிது இல்லை. பஞ்சாங்கம் எங்களை அதற்குப் பழக்கி வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கம் இன்னொன்று. வாக்கியம் என்பது முன்னோர் வாய்பாடாகச் சொல்லி வைத்த கணக்கு. திருக்கணிதம் என்பது வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. எங்கள் வீட்டில் வாக்கியம், வேலிக்கு அந்தப் பக்கம் திருக்கணிதம். சித்திரையில் இந்தப் பக்கம் புதுவருஷம் பிறந்து நாங்கள் மருத்துநீர் வைத்து முழுகிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் பழைய வருஷம் இன்னும் நடந்துகொண்டிருக்கும். சிறுவர்களுக்கு இதில் மதப்பிணக்கு எதுவும் இல்லை. இரண்டு வீட்டிலும் கைவிசேஷம் வாங்கலாம்.

சனி பகவானுக்குத்தான் சிரமம். திருக்கணிதப்படி அவர் 2023 ஜனவரி 17 அன்று கும்பத்துக்குப் போனார். வாக்கியப்படி அதே வருஷம் டிசம்பர் 20 அன்றுதான் போனார். நடுவில் பதினொரு மாதம் அவர் மகரத்திலும் இருந்தார், கும்பத்திலும் இருந்தார். ஏழரைச் சனி எனக்கு முடிந்துவிட்டதா இல்லையா என்று கேட்கப் போன உறவினருக்கு எங்கள் பக்கத்துச் சாத்திரியார் சொன்ன விடை: "நல்லது நடந்தால் முடிஞ்சுது எண்டு வையும். இல்லாட்டி டிசம்பர் மட்டும் பொறும்."

பள்ளிக்கூடத்தில் இப்படி எழுத முடியாது. அங்கே ஒரு கேள்விக்கு ஒரு விடை, அதற்குச் சரி அல்லது பிழை. சமூகக்கல்விப் புத்தகத்தில் ஆறுகள் பாடம் வரும். இலங்கையின் நீளமான ஆறு மகாவலி, 335 கிலோமீற்றர். நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம், ஆற்றை மட்டும் கண்டதில்லை. வகுப்பில் ஒருவன் எழும்பி, "சேர், ஆற்றிலை தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டு ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டான். சிரித்தார்கள். ஆனால் அவனுடைய அனுபவத்தில் தண்ணீர் என்பது கிணற்றில் அசையாமல் நிற்பது. இறைப்பு மெசின் போட்டால்தான் அது ஓடும், அதுவும் தோட்டக்காரன் மண்வெட்டியால் காட்டும் வாய்க்காலில்தான் ஓடும். சேர் வழுக்கையாற்றைச் சொன்னார். வலிகாமத்தின் நடுவே போய் அராலிப் பக்கம் கடலில் சேரும் ஆறு அது. மாரி மழைக்கு மட்டும் ஆறு. மற்ற மாதங்களில் அதற்குள் மாடு மேயும். "அப்ப அது ஆறோ, தரவையோ?" என்றான் அவன். "மாசத்தைப் பொறுத்தது, இரு" என்றார் சேர். புத்தகத்துக்கு வெளியே வந்தவுடன் அவருடைய விடையும் இரண்டாகப் பிரிந்தது.

ஆறு இல்லாத ஊரில் தண்ணீர் எங்கே போகிறது? இதற்குத்தான் நிலாவரை. புத்தூர்ப் பக்கம், நவக்கிரியில் இருக்கும் அந்தக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பார்கள். வனவாசத்தில் தாகம் எடுத்த இராமர் அம்பு விட்டு உண்டாக்கினது என்பார்கள். அதில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டால் அது நிலத்துக்குக் கீழால் போய்க் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது எங்கள் ஊர்ச் சிறுவர் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். சோதித்துப் பார்க்க நாங்கள் சைக்கிளில் போனோம். உரும்பிராய் தாண்டி வெயிலில் உழக்கி, படி இறங்கி, பச்சை நிறமாக நின்ற தண்ணீரில் பழத்தைப் போட்டோம். பழம் மிதந்தது. கொஞ்ச நேரம் பார்த்தோம். அப்போதும் மிதந்தது. கல் கட்டிப் போடலாம் என்று ஒருவன் சொன்னான். கல் கட்டினால் கீரிமலையில் எப்படி மிதக்கும் என்று இன்னொருவன் கேட்டான். விவாதம் பழத்தை விட்டு இராமரிடம் போனது.

இந்தச் சோதனைக்கு இரண்டு முனை இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பழத்தைப் போட இங்கே ஆள் வேண்டும், பிடிக்கக் கீரிமலையில் ஆள் வேண்டும். கீரிமலை அப்போது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. நினைத்தவுடன் போய்க் கேணிக்கட்டில் குந்தியிருந்து பழம் பார்க்க முடியாது. உலகத்தில் எத்தனையோ ஆராய்ச்சிகள் பணமில்லாமல் நின்றிருக்கின்றன. எங்களுடையது முட்கம்பியால் நின்றது.

பிறகு படித்த காலத்தில் நிலாவரையின் உண்மைக் கதை வேறு விதத்தில் வியப்பைத் தந்தது. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகையும் வெடிப்புமாக ஆக்கி வைத்திருக்கிறது. அதற்குள் நல்ல தண்ணீர், கடல் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு இறங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்து முடித்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். நிலாவரையில் மேல் தண்ணீர் இனிப்பு, ஆழம் போகப் போக உப்பு. ஒரே கிணறு, இரண்டு தண்ணீர். "இது நல்ல தண்ணிக் கிணறோ, உப்புக் கிணறோ?" என்று கேட்டால் எங்கள் சந்தியில் என்ன விடை வரும் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

மணிக்கூடு மாறுவதற்கும் முந்திய காலம் ஒன்று இருந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல், சவர்க்காரம், பற்றரி எல்லாம் கனவு. அந்தக் காலத்துக் கேள்விகள் எல்லாம் இரசாயனக் கேள்விகள். மோட்டார் சைக்கிள் ஏன் குசினி மணக்கிறது? கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். அடுப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே சாப்பாடு. பாட்டுக் கேட்கிற வீட்டில் சைக்கிள் ஏன் தலைகீழாக நிற்கிறது? டைனமோவைச் சுற்றினால்தான் வானொலி பாடும். பெடலைச் சுற்றுகிற பொடியனுக்குக் கை அலுத்தால் பாடகருக்கும் குரல் இறங்கும்.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மாடு. சவர்க்காரம் இல்லாத நாளில் அம்மா பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்ப்பா. நன்றாகவே நுரைக்கும், அழுக்கும் போகும். பனம்பழ மணம் மட்டும் போகாது. கொடியில் காய்கிற உடுப்பை மாடு வந்து சப்பும். அப்பாவின் வேட்டித் தலைப்பை ஒருநாள் வாயில் இருந்து இழுத்து எடுத்தோம். ஓரம் எல்லாம் ஈரமாக, பல் அடையாளத்தோடு இருந்தது. அம்மா அதைத் திரும்பவும் தோய்க்க வேண்டும். தோய்ப்பதற்குப் பனம்பழம்தான் இருக்கிறது. இந்த வட்டத்தை எங்கே உடைப்பது? மாட்டைக் கட்டினால் போதும் என்று நீங்கள் சொல்லலாம். மாடு எங்களுடையது இல்லை.

சீனி இல்லாத நாட்களில் ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி கையில் தந்து வெறும் தேத்தண்ணி தருவார்கள். கடித்துக் குடிக்க வேண்டும். முதலில் கடித்துப் பிறகு குடிப்பதா, குடித்துப் பிறகு கடிப்பதா என்பதில் எங்கள் வீடு இரண்டு பட்டது. கடித்துவிட்டுக் குடித்தால் முதல் மிடறு தேன், கடைசி மிடறு வேப்பம் கசாயம். குடித்துவிட்டுக் கடித்தால் துன்பத்துக்குப் பிறகு இன்பம். அம்மம்மா மட்டும் பனங்கட்டியைக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு அதன் மேலால் தேத்தண்ணியை விடுவா. கரைத்துக் குடிக்கிற ஒரு கோப்பைக்கு வேண்டிய இனிப்பில் அவ மூன்று கோப்பை குடிப்பா. நாக்கில் படாத இனிப்பு வீண் செலவு என்பது அவவின் பொருளாதாரம்.

சந்தைக்கு வருவோம். மருதனார்மடம் செம்மண் தோட்டங்களின் நடுவே இருக்கும் ஊர். பள்ளிப் பிள்ளையின் வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தே ஆள் வலிகாமம் என்று சொல்லலாம். அங்கே விளைகிற வெங்காயமும் கத்தரியும் கோவாவும் விடியச் சந்தைக்கு வரும். யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நீண்ட காலமாகக் 'கழிவு' என்று ஒரு வழக்கம். தோட்டக்காரர் 100 கிலோ கொண்டு வந்தால் 90 கிலோவுக்குத்தான் காசு. வேண்டாம் என்று தோட்டக்காரர் சொல்லாத வருஷம் இல்லை. பெரியப்பாவோடு போன ஒரு விடியலில், "அந்தப் பத்துக் கிலோ எங்கை போச்சு?" என்று கேட்டேன். "அழுகல், மண், ஈரம்" என்றார் வியாபாரி. கத்தரிக்காய் ஒவ்வொன்றும் விடிவிளக்கில் மினுங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா என்னை வெளியே கூட்டி வந்து, "படிக்கிற பிள்ளையெல்லே, கணக்குப் பாடத்திலை 100 எண்டால் 100 எண்டு எழுது. இஞ்சை வந்தால் 90" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பழைய நேரம், புதிய நேரம் போல இது இரண்டு பேருக்கும் சமமான இரண்டு விடை இல்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது. இரண்டு விடை இருக்கிற இடத்தில் எது ஆருக்கு லாபம் என்றும் ஒரு கேள்வி உண்டு என்று நான் படித்தது அங்கேதான்.

சந்திக்குப் பக்கத்தில் நுண்கலைப் பீடம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்குக் கல்லூரி தொடங்கிய ஊர் இது. அவர் பெயரில் பிறகு எழுந்த இசைக் கழகம்தான் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நுண்கலைப் பீடமானது. மதிலுக்கு வெளியே சைக்கிளில் போனால் உள்ளே ஒரு பக்கம் வயலின், ஒரு பக்கம் மிருதங்கம், நடுவில் வாய்ப்பாட்டு. "இத்தனை பேர் ஒண்டாச் சாதகம் பண்ணினால் பிழை விட்டது ஆரெண்டு எப்பிடித் தெரியும்?" என்று அங்கே படித்த அக்கா ஒருவவைக் கேட்டேன். "விட்டவளுக்குத் தெரியும்" என்றா. இதற்கு மட்டும் ஒரே விடை.

இரண்டு பிறந்தநாள்காரத் தம்பிக்கு வருகிறேன். அவன் பிறக்கும் முன்பே, 1990இலேயே, யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோனது. தண்டவாளம் போனது, சிலிப்பர்க் கட்டை பங்கருக்குப் போனது. இணுவில் பக்கம் ரயில் பாதை வெறும் கல்மேடாகக் கிடந்தது. "இவ்வளவு நேரான றோட்டை ஏன் சும்மா விட்டிருக்கினம்?" என்று கேட்பான். ரயில் ஓடின பாதை என்றால், "அப்ப ஸ்ரியறிங் எங்கை இருக்கும்?" என்பான். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபோது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. போய்ப் பார்த்தான். என்னடா என்றோம். "ஸ்ரியறிங் இல்லைத்தான்" என்றான், ஏமாற்றத்தோடு.

அவன் இப்போது ரொறன்ரோவில். சித்தியும் அங்கேதான். யாழ்ப்பாணத்துக் கலண்டரை அங்கே கொண்டுபோய் மாட்டிய சித்திக்கு அம்மம்மாவின் கேள்வி புதிதாகப் பிறந்தது: கனடாவில் ராகு எத்தனை மணிக்கு வருவார்? ராகு காலம் என்பது சூரியன் உதித்து மறையும் வரையான பொழுதில் எட்டில் ஒரு பங்கு. ஊரில் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம், ஆகவே ஒன்றரை மணித்தியாலம். ரொறன்ரோவின் ஆனி மாதப் பகல் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல், ராகு கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பார். மார்கழியில் பகல் ஒன்பது மணித்தியாலமும் இல்லை, ஒரு மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டியதும் எழும்பிப் போய்விடுவார். "குளிருக்கு அவரும் வீட்டை போறார்" என்று சித்தி தொலைபேசியில் சொன்னா. அதுமட்டும் இல்லை, அங்கேயும் வருஷத்தில் இரண்டு தடவை மணிக்கூட்டைத் திருப்புகிறார்களாம். எங்களுக்குப் பழக்கம்தானே என்றேன்.

போன விடுமுறைக்குத் தம்பி மகளோடு வந்தான். மருதனார்மடத்தில் இப்போது ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. வீதியில் போகிறவர்கள் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற உயரத்தில் சிலை. சனிக்கிழமை சனம் அலைமோதும். பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவர்தானே இலங்கையை எரிச்சவர்? இஞ்சை எப்பிடிக் கோயில்?" என்று கேட்டது. தகப்பன் என்னைப் பார்த்தான். நான், எரித்தது இராவணனின் நகரத்தை, அநியாயத்தை என்று இழுத்தேன். பிள்ளைக்கு அது போதவில்லை. எங்களுக்குப் பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஐயா ஒருவர் குனிந்து சொன்னார்: "பிள்ளை, நெருப்பு வைக்கத் தெரிஞ்ச ஆளை எதிரியா வெளியிலை விடுறதிலும் பார்க்க, வடை மாலை போட்டு வீட்டோடை வச்சிருக்கிறது பாதுகாப்பு." பிள்ளை கொஞ்சம் யோசித்தது. பிறகு அவரைக் கேட்டது: "இது பழைய விடையோ, புதிய விடையோ?"